சீமுர்க் பறவைக் கம்பளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷார்ஜாவில் கம்பளங்களைக் கழுவி, கிழிசலைச் செப்பனிடும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போகும் முன் "நல்லதா ஒரு பெர்ஷியன் கார்ப்பெட்" தேடி ப்ளூ சூக் சந்தைப் பக்கம் சுற்றும் நம் ஆட்கள், வாங்குவதற்கு முன்போ (பெரும்பாலும்) வாங்கிய பின்போ என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பறவை உருவம் போட்ட கம்பளங்களைப் பற்றித்தான் சந்தேகம் அதிகம். கடைக்காரர்கள் அவற்றோடு ஒரு கதையையும் சேர்த்து விற்கிறார்கள் என்பதால் இருக்கலாம். ஈரான் கம்பளங்களை வைத்தே எழுதியிருக்கிறேன். துருக்கியும் அஜர்பைஜானும் தேவையான இடத்தில் வரும்.

கம்பளம்னா நம்ம பவானி ஜமுக்காளம் மாதிரிதானே? அதுக்கு ஏன் இவ்வளவு விலை?

ஜமுக்காளத்தில் பாவு நூல்களுக்குக் குறுக்கே ஊடை ஓடும். அந்த ஊடையே நிறம், அதுவே கோடு. முடிச்சுக் கம்பளத்தில் வேலை வேறு. தறியில் நெட்டுக்குத்தாகக் கட்டிய பாவில் இரண்டு நூல்களைப் பிடித்து, அதில் சாயம் போட்ட கம்பளி நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கீழே இழுத்து, கத்தியால் அறுக்கிறார்கள். அது ஒரு முடிச்சு. இப்படியே ஒரு வரிசை முழுவதும் போட்ட பிறகு குறுக்கே ஊடையை ஓட்டி, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். பிறகு அடுத்த வரிசை. வெட்டிய நூல் நுனிகள் நிமிர்ந்து நிற்பதைத்தான் கடையில் "பைல்" என்கிறார்கள். நீங்கள் பார்க்கும் பறவை அந்த நுனிகளால் ஆனது.

முடிச்சு இல்லாத தட்டை நெசவும் அங்கே உண்டு. கிலீம் என்பது ஏறக்குறைய ஜமுக்காளத்தின் குடும்பம்தான், கம்பளியில் நெய்தது. அஜர்பைஜான் பக்கத்து வெர்னே, ஸிலி வகைகளில் வண்ண நூலைப் பாவைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். அவையும் பறவை, டிராகன் உருவங்களுக்குப் பேர்போனவை.

ஒரு கம்பளத்துல எத்தனை முடிச்சு இருக்கும்? நெய்ய எவ்வளவு நாள் ஆகும்?

2 மீட்டருக்கு 3 மீட்டர் கம்பளம் என்று வையுங்கள். அது 60,000 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 முடிச்சு என்றால் மொத்தம் 18 லட்சம். கை பழகிய நெசவாளி ஒரு நாளில் 8,000 முடிச்சு போட்டால் தனி ஆளுக்கு 225 வேலைநாள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி. ஆடு மயிர் கத்தரிப்பது, நூற்பது, சாயம் போடுவது, தறி கட்டுவது, கடைசியில் கழுவிக் கத்தரித்து மட்டம் செய்வது எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. விலை ஏன் என்ற கேள்விக்கும் இதுதான் பதில்.

முடிச்சு அதிகமா இருந்தா அதுதானே ஒசத்தி?

கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், எண்ணிக்கையைச் சொல்லி விலை பேசுவது அவர்களுக்கு வசதி. வளைவும் நெளிவும் நிறைந்த நுணுக்கமான வடிவத்துக்கு நெருக்கமான முடிச்சு வேண்டும் என்பது உண்மைதான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளத்தில் (1539-40) சதுர சென்டிமீட்டருக்கு 53 அளவில் முடிச்சு. ஆனால் தெற்கு ஈரானின் ஃபார்ஸ் பகுதியில் காஷ்காய், கம்சே நாடோடிகள் நெய்தவற்றில் பத்துப் பன்னிரண்டுகூட இருக்கலாம். அவர்களுடைய வடிவத்துக்கு அது போதும்.

நான் பார்ப்பது முதலில் கம்பளியை. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் நல்ல கம்பளியில் லேசான எண்ணெய்ப் பசையும், விட்டதும் எழும் துடிப்பும் தெரியும். ஆட்டின் உடம்பில் இயற்கையாக ஊறும் மெழுகுதான் அது. அறுத்த ஆட்டுத் தோலிலிருந்து சுண்ணாம்பு வைத்துப் பிரித்த கம்பளி வறண்டு, உயிரில்லாமல் இருக்கும். மயிர் சீக்கிரம் முறியும். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 60 முடிச்சு போட்டாலும் எனக்கு வேண்டாம்.

சரி, இந்தப் பறவை என்ன? மயில் மாதிரியும் இருக்கு, கழுகு மாதிரியும் இருக்கு.

பெரும்பாலும் சீமுர்க். ஃபிர்தௌசி 1010 வாக்கில் எழுதி முடித்த ஷாநாமா காவியத்தில் வருகிறது. சாம் என்ற வீரனுக்கு வெள்ளை முடியோடு ஒரு பிள்ளை பிறக்கிறது. அபசகுனம் என்று பயந்து எல்புர்ஸ் மலையடிவாரத்தில் விட்டுவிடுகிறான். குஞ்சுகளுக்கு இரை தேடி வந்த சீமுர்க் பிள்ளையைத் தூக்கிப்போய், மனம் இரங்கித் தன் கூட்டிலேயே வளர்க்கிறது. அந்தப் பிள்ளைதான் ஸால். பிற்பாடு தகப்பன் தேடி வந்து அழைத்துப்போகும்போது சீமுர்க் தன் இறகைக் கொடுத்து, ஆபத்து வந்தால் இதை நெருப்பில் காட்டு, வருகிறேன் என்கிறது.

அந்த இறகு இரண்டு முறை காவியத்தில் உதவுகிறது. ஸாலின் மனைவி ரூதாபே பிரசவத்தில் உயிருக்குப் போராடும்போது, மதுவால் மயங்க வைத்து வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கச் சொல்லித் தருகிறது சீமுர்க். காயத்தை ஆற்ற அதன் இறகையே தடவுகிறார்கள். அப்படிப் பிறந்தவன் ருஸ்தம். பின்னால் இளவரசன் இஸ்ஃபந்தியாரோடு சண்டையிட்டு அம்பு தைத்துச் சாகக் கிடந்த ருஸ்தமையும் அவனுடைய குதிரையையும் குணப்படுத்துவதும் இந்தப் பறவைதான். பிள்ளை வளர்த்த தாய், மருத்துவச்சி, குலத்துக்குக் காவல் என்று அதற்கு மூன்று முகம்.

இது ஃபீனிக்ஸ்தானேண்ணே? நெட்ல அப்படித்தான் போட்டிருக்கு.

கடை அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். தன்னையே எரித்துக்கொண்டு சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ், கிரேக்க-ரோமானியக் கதை. சீமுர்க் எரிவதில்லை, அதன் இறகுதான் எரிகிறது. ஈரானில் ஹுமா என்று இன்னொரு பறவையும் உண்டு: அதன் நிழல் யார்மேல் விழுகிறதோ அவர் அரசராவார் என்பார்கள். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியர் காலப் பட்டிலும் வெள்ளித் தட்டிலும் இந்தப் பறவை வேறு மாதிரி: நாய்த் தலை, சிங்கத்தின் நகம், மயில் தோகை. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆட்சி வந்து சீனப் பட்டும் சித்திரங்களும் ஈரானுக்குள் பெருகின. சீனத்து ஃபெங்ஹுவாங் பறவையின் நீண்டு அலையும் வால் இறகுகளை ஈரானிய ஓவியர்கள் எடுத்துக்கொண்டு சீமுர்க்குக்கு மாட்டிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட சஃபாவி அரசர்கள் காலக் கம்பளங்களில் பறப்பது அந்த உருவம். பெயரும் கதையும் ஈரான், உடம்பு சீனம். ஃபெங்ஹுவாங்கை ஐரோப்பியர்கள் ஃபீனிக்ஸ் என்று எழுதிவைத்ததால் சுற்றிச் சுற்றி இங்கே வந்து நிற்கிறது.

நம்ம கருடன்தான் அங்க போய் சீமுர்க் ஆச்சுன்னு ஒருத்தர் சொன்னாரே?

போகவும் இல்லை, வரவும் இல்லை. கருடனுக்கு முன்பே வேதத்தில் சோமத்தைக் கொண்டுவரும் சியேனப் பறவை இருக்கிறது. ஈரானின் பழைய வேதநூலான அவெஸ்தாவில் எல்லா விதைகளும் உள்ள மரத்தில் வாழும் ஸயேனப் பறவை இருக்கிறது. இரண்டும் ஒரே பழங்குடும்பத்துக் கதைகளிலிருந்து பிரிந்தவை என்று சொல்லலாம். அதற்கு மேல் இழுத்தால் நிற்காது. பெருமாளுக்கு வாகனம், பாம்புக்குப் பகை என்று கருடனுக்கு இருக்கும் அடையாளம் எதுவும் சீமுர்க்குக்குக் கிடையாது.

பறவையும் டிராகனும் சண்டை போடுற மாதிரி ஒண்ணு பார்த்தேன். அது ரொம்பப் பழசாமே?

அந்த வடிவம் பழசு. நீங்கள் பார்த்தது பழசா என்பது வேறு விஷயம். பெர்லின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் 15ஆம் நூற்றாண்டு அனதோலியக் (இன்றைய துருக்கிப் பகுதி) கம்பளம் ஒன்று இருக்கிறது. 1886இல் ஜெர்மன் கலை வரலாற்றாளர் வில்ஹெல்ம் ஃபான் போடே அதை ரோமில் வாங்கினார். மஞ்சள் தரையில் இரண்டு எண்கோணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டிராகனும் அதை எதிர்க்கும் ஒரு பறவையும். 172 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், பெரிய கம்பளமே அல்ல. சியன்னா நகரத்து மருத்துவமனைச் சுவரில் டொமெனிக்கோ டி பார்த்தோலோ 1440களில் தீட்டிய கல்யாணக் காட்சியில், காலடியில் இதே வகைக் கம்பளம் விரித்திருக்கிறது. ஓவியத்தை வைத்துக் கம்பளத்துக்குக் காலம் சொல்வது இந்தத் துறையில் பழைய வழக்கம், காரணம் இதுதான். சுவீடனில் மார்பி என்ற ஊர்த் தேவாலயத்தில் 1925இல் கிடைத்த இன்னொன்றில், மரத்துக்கு இருபுறமும் இரண்டு பறவைகள் நிற்கின்றன. இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் பாட்டன் பாசிரிக் கம்பளம். அல்தாய் மலையில் உறைபனிக்குள் இருந்த கல்லறையில் செர்கேய் ருதென்கோ 1949இல் எடுத்தது, கி.மு. 5-4ஆம் நூற்றாண்டு. அதன் கரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் கிரிஃபின் என்ற இறக்கை முளைத்த விலங்கு நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 36 முடிச்சு. அந்தக் காலத்திலேயே தொழில் முற்றிய நிலையில் இருந்திருக்கிறது.

எனக்குக் கோணல்மாணலா கோடுதான் தெரியுது. இதுல பறவை எங்க இருக்கு?

நாடோடிக் கம்பளமாக இருக்கும். முடிச்சு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கட்டம். கட்டங்கள் பெரிதாக இருந்தால் வளைவு வராது, படிப்படியான கோடுதான் வரும். அதனால் நகரத்துப் பட்டறையில் காகிதக் கட்ட வரைபடம் பார்த்து நெய்த சீமுர்க்குக்கு இறகு இறகாக வால் இருக்கும்; கூடாரத்தில் மனசில் இருப்பதை வைத்து நெய்த பறவைக்கு ஒரு முக்கோண உடம்பும் சீப்புப் பல் போன்ற வாலும்தான். அஜர்பைஜான் அக்ஸ்தாஃபா வகையில் இந்தச் சீப்பு வாலை நன்றாகப் பார்க்கலாம்.

கம்சே மக்களின் "முர்கி" வகையில் பறவைகள் இன்னும் சுருங்கி, கொக்கி போட்ட கோடுகளாகவே ஆகிவிட்டன. முர்க் என்றால் கோழி, பறவை இரண்டும்தான். கடையில் அதைப் புராணப் பறவை என்று சொல்லி விற்பார்கள். நெய்த பெண்ணுக்கு அது முற்றத்துக் கோழியாகவும் இருந்திருக்கலாம். கோழி என்றால் என்ன குறைந்துவிட்டது? எனக்குப் பிடித்த வகை அதுதான்.

முஸ்லிம் நாட்டுல உயிர் உருவம் வரையக் கூடாதுன்னு சொல்வாங்களே, அப்புறம் இது எப்படி?

தொழுகைக்கென்று நெய்யும் விரிப்பில் பறவை, விலங்கு வருவது மிக அபூர்வம். மாடம், விளக்கு, பூச்செடி இவைதான் இருக்கும். வீட்டிலும் அரண்மனையிலும் விரிக்கும் கம்பளம் வேறு கணக்கு. காலால் மிதிக்கும், மேலே உட்காரும் பொருளில் உருவம் இருந்தால் அதை யாரும் வழிபடப் போவதில்லை என்று அறிஞர்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் கண்டிப்பு மாறும். சஃபாவி அரசர்கள் வேட்டைக் காட்சியையே கம்பளமாக நெய்ய வைத்தவர்கள்.

வீட்டுல போட்டா அதிர்ஷ்டமா? எந்தத் திசையைப் பார்த்து விரிக்கணும்?

கதையில் அது காவல் பறவை என்று மேலே சொன்னேன், அவ்வளவுதான். திசைக்கு ஒரு நடைமுறை விஷயம் உண்டு: நூல் நுனிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு முனையிலிருந்து பார்த்தால் நிறம் ஆழமாகவும் எதிர்முனையிலிருந்து பார்த்தால் வெளிறியும் தெரியும். எந்த முனை வாசலைப் பார்க்கலாம் என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இயற்கைச் சாயம்னா சரியா என்ன? எதுல இருந்து எந்த நிறம் வரும்?

சிவப்புக்கு ரூனாஸ் வேர். நம் நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டியின் நெருங்கிய உறவுச் செடி. யஸ்த் மாகாணத்தில் அர்தகான் பக்கம் பயிராகிறது. மூன்று வருடமாவது மண்ணில் இருந்த வேர்தான் நல்ல நிறம் தரும். முதலில் கம்பளி நூலைப் படிகாரத் தண்ணீரில் சூடாக்குவார்கள், சாயத்தை நூலோடு பிணைப்பது படிகாரம்தான். பிறகு வேர்த்தூள் போட்ட அண்டாவில் இறக்கி, கொதிக்க விடாமல், ஏறத்தாழ 70 டிகிரிக்குள் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கொதித்துவிட்டால் வேரில் உள்ள பழுப்பும் இறங்கிச் செங்கல் நிறமாகிவிடும். சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்குச் சிவப்பு தந்த சாயவேரில் (இம்பூறல்) இருப்பதும் ரூனாஸில் உள்ள அதே அலிசரின்தான். செடி வேறு, சரக்கு ஒன்று.

நீலத்துக்கு அவுரி. திண்டிவனம் பக்கம் இன்னும் விளைகிறதே, அதேதான். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் புளிக்க வைத்து, காற்றுப் படாமல் கரைய வைத்தால்தான் நூலுக்குள் போகும். தொட்டியிலிருந்து தூக்கும்போது நூல் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் பிழிகிற கையிலேயே பச்சை விலகி, நுனியிலிருந்து நீலம் ஏறும். முறுக்கின் இடுக்கில் மட்டும் பச்சை கொஞ்ச நேரம் நிற்கும். எத்தனை முறை முக்கி எடுக்கிறோமோ அவ்வளவு கருநீலம்.

மஞ்சளுக்கு இஸ்பரக் என்ற பூச்செடி, மாதுளைத் தோல், திராட்சை இலை. பழுப்புக்கு அக்ரூட் காயின் பச்சைத் தோல். படிகாரமே வேண்டாம், தானாகப் பிடிக்கும். பச்சை நிறத்துக்கென்று தனிச் செடி இல்லை, மஞ்சள் போட்ட நூலை அவுரியில் முக்க வேண்டும். ஊதா கலந்த சிவப்பு என்றால் கொச்சினீல் போன்ற பூச்சிச் சாயம். வெள்ளை, சாம்பல், கரும்பழுப்பு எல்லாம் ஆட்டின் சொந்த நிறமாகவே இருக்கலாம்.

அப்போ ரசாயனச் சாயம்னா மட்டம்னு எடுத்துக்கலாமா?

எந்த ரசாயனச் சாயம் என்று கேட்க வேண்டும். 1856இல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் மலிவான அனிலைன் சாயங்கள் ஈரான் கிராமங்கள்வரை போய்விட்டன. அவை வெயிலில் வெளுத்தன, தண்ணீரில் ஒழுகின. கம்பளத்தின் பேர் கெட்டுவிடும் என்று அப்போது ஈரானை ஆண்ட காஜார் அரசு தடைகூடப் போட்டது. பின்னால் வந்த குரோம் சாயங்கள் அப்படியில்லை, வெயிலுக்கும் தண்ணீருக்கும் நன்றாகவே நிற்கும். சில சமயம் இயற்கைச் சாயத்தைவிடவும்.

வித்தியாசம் தெரிவது கண்ணுக்கு. ஒரு வேரில் ஒரே சிவப்பு இருப்பதில்லை. ஆரஞ்சு, கருஞ்சிவப்பு, பழுப்பு எல்லாம் கலந்து இறங்குகிறது. அதனால் பக்கத்தில் எந்த நிறம் வைத்தாலும் ஒத்துப்போகிறது. இந்த அருமையை மீட்கத்தான் துருக்கியில் ஹரால்ட் போமர் என்ற ஜெர்மன் வேதியியலாளர், மர்மரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் டோபாக் திட்டத்தை நடத்தினார். ஐவாஜிக் பக்கத்துக் கிராமப் பெண்கள் மறந்துபோன வேர்ச் சாயத்துக்குத் திரும்பினார்கள்.

கடைக்காரர் வெள்ளைத் துணியை நனைச்சுத் தேய்ச்சுக் காட்டினார், நிறம் ஒட்டல. அப்போ இயற்கைச் சாயம்னு உறுதிதானே?

இல்லை. சாயம் ஒழுகவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. மேலே சொன்ன குரோம் சாயமும் ஒழுகாது. நன்றாக அலசாத இயற்கைச் சாயம் சில சமயம் ஒழுகும்.

இதைவிடப் பயனுள்ளது ஒன்று செய்யலாம். கம்பளத்தைப் பின்பக்கமாக மடித்து, நூல் வேரோடு திறக்கும் இடத்தில் பாருங்கள். முடிச்சின் அடியில் பளிச்சென்ற ரோஸ், நுனியில் வெறும் சாம்பல் என்றால் பழைய அனிலைன். அடி முதல் நுனிவரை ஒரே நிறம் மெல்ல இளகி வந்தால் நல்ல அறிகுறி. இலைகள் எல்லாம் நீலமாக இருந்தால், பச்சையில் இருந்த மஞ்சள் வெளுத்து அவுரி மட்டும் தங்கியிருக்கலாம். இயற்கைச் சாயமும் வெளுக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. முழு உறுதி வேண்டுமானால் ஒரு துண்டு நூலை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். கண்ணால் பார்த்து நூறு சதவீதம் சொல்கிறேன் என்பவர் விற்கிறவராகத்தான் இருப்பார்.

நடுவுல திடீர்னு சிவப்பு வேற சிவப்பா மாறுது. டிஃபெக்ட் பீஸா?

அதன் பெயர் அப்ரஷ். ஒரு அண்டாவில் போட்ட நூல் தீர்ந்து அடுத்த அண்டா நூல் தொடங்கிய இடம். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்திருப்பதாலும் சாயம் ஏற்ற இறக்கமாகப் பிடிக்கும். நாடோடிக் கம்பளத்தில் அது அழகு. கவனம்: இப்போது செயற்கைச் சாயத்திலும் வேண்டுமென்றே அப்ரஷ் விட்டு நெய்கிறார்கள், ஆகவே இதுவும் சாட்சி ஆகாது.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு கதை, இறைவன் மட்டுமே குறையற்றவன் என்பதால் நெசவாளி வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. லட்சக்கணக்கில் முடிச்சு போடும் கைக்குப் பிழையைத் திட்டமிட வேண்டிய அவசியம் இருக்காது என்பது என் எண்ணம்.

பூவெல்லாம் நல்லா இருக்கு, கறுப்பு மட்டும் தேய்ஞ்சு பள்ளமா இருக்கே?

இரும்புச் சத்து சேர்த்துப் போட்ட கறுப்பு, கரும்பழுப்பு சாயம் கம்பளியை மெல்ல அரிக்கும். அந்த நூல்கள் மட்டும் குட்டையாகி, மற்ற வடிவங்கள் செதுக்கியதுபோல் எழுந்து நிற்கும். பழைய கம்பளத்தில் இது இயல்பு. ஆனால் கத்தரியால் வெட்டிப் பழசாக்கிக் காட்டும் வேலையும் நடக்கிறது. வெட்டியது என்றால் பள்ளத்தின் மட்டம் ஒரே சீராக இருக்கும்.

கையால நெய்ததா மெஷினான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திருப்பிப் போடுங்கள். கைமுடிச்சில் பின்பக்கமும் பறவை முழுசாகத் தெரியும், வரிசைகள் லேசாக ஏறி இறங்கியிருக்கும். குஞ்சத்தைப் பாருங்கள்: அது பாவு நூலின் நுனி, கம்பளத்துக்குள்ளிருந்தே வர வேண்டும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். பின்னால் துணி ஒட்டி மறைத்திருந்தால் டஃப்டட் வகையாக இருக்கும். துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி ரப்பர் பசையால் பிடிக்க வைத்தது அது. "ஹேண்ட்மேட்" என்று எழுதுவதில் பொய் இல்லை, முடிச்சுதான் இல்லை. சில வருடத்தில் பசை பொடியாகக் கொட்டும்.

பிஞ்சு விரலாலதான் நல்ல முடிச்சு போட முடியுமாமே?

இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். குழந்தைகளை மலிவாக வேலை வாங்கியவர்கள் சொல்லிக்கொண்ட சமாதானம் இது. நுணுக்கமான வேலை பழகிய பெரியவர்களின் கையில்தான் வருகிறது. இந்தியா, நேபாளம், ஆப்கானிஸ்தான் கம்பளம் வாங்கினால் குழந்தை உழைப்பு இல்லாதது என்று காட்டும் குட்வீவ் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று 1994இல் ரக்மார்க் என்று தொடங்கியதுதான் இன்று அந்தப் பெயரில் நடக்கிறது. ஈரான் கம்பளத்தில் அந்த முத்திரையைத் தேடாதீர்கள், கடைக்காரரிடம் எந்த ஊர்ப் பட்டறை, யார் நெய்தது என்று கேளுங்கள்.

சென்னை ஈரத்துக்குத் தாங்குமா? பூச்சி வருமா?

வரும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும், பருத்தியைத் தொடாது. அதனால்தான் பூச்சி அரித்த இடத்தில் பருத்திப் பாவு மட்டும் வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும். அது இருட்டும் அசையாத இடமும் தேடும்: சோபாவுக்கு அடியில், சுருட்டி வைத்த பரணில். வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் வேக்குவம் போடுங்கள், மாதம் ஒருமுறை தூக்கிப் புரட்டிப் போடுங்கள். அந்துருண்டை வாடைதான் அதிகம், திறந்த அறையில் பலன் குறைவு. பூச்சி பிடித்த சின்னக் கம்பளத்தை பாலிதீனில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும்.

மழைக்காலத்தில் நேரடியாகத் தரையில் கிடந்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும். கீழே காற்றோட்டமுள்ள விரிப்பு ஒன்று போடுங்கள். சுருட்டி வைக்க வேண்டுமானால் நன்றாகக் காய்ந்த பிறகு பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம்.

சாம்பார் கொட்டிருச்சு. என்ன பண்றது?

தேய்க்காதீர்கள். கரண்டியால் வழித்து, உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள். வெந்நீர், துணி சோப்பு, பிளீச், சோடா எதுவும் கூடாது. கம்பளி முடிபோன்ற புரதம், காரம் பட்டால் சிதையும். எண்ணெய்ப் பிசுக்கு பட்டறைக்கு வந்தால் போய்விடும். மஞ்சள் தூள்தான் தொல்லை. அது கறை என்பதைவிட ஒரு சாயம், கம்பளியில் உடனே ஏறிவிடும். வெளிச்சத்துக்கு நிற்காத சாயம் என்பது மட்டும் ஆறுதல், கறை நாளாக ஆக மங்கும். அதற்காக மொட்டை மாடி வெயிலில் போட்டால் பக்கத்து நிறமும் சேர்ந்து போகும்.

மிதிக்க மனசு வரலை. சுவர்ல மாட்டலாமா?

மாட்டலாம். ஆணி அடிக்காமல், மேல் ஓரம் முழுக்கத் துணிப் பட்டை தைத்து அதில் கழியை நுழைத்து எடை சீராகப் பிரியும்படி தொங்கவிடுங்கள். ஜன்னல் வெயில் படும் சுவர் வேண்டாம். மேலே சொன்ன அர்தபீல் கம்பளத்துக்கு லண்டனில் அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும்தான் விளக்கைப் போடுகிறார்கள். ஆனால் நல்ல கம்பளியை மிதிப்பதால் ஒன்றும் ஆகாது. செருப்பைக் கழற்றிவிட்டு மிதியுங்கள்.

வாங்கி வெச்சா விலை ஏறும், தங்கம் மாதிரின்னு சொன்னாங்க. உண்மையா?

தங்கத்தை அன்றைய விலைக்கு எந்தக் கடையிலும் கொடுக்கலாம். கம்பளத்தை வாங்கிய கடையே பாதி விலைக்குத் திரும்ப எடுப்பது அபூர்வம். விலை ஏறுவது அரிய பழையவற்றுக்கு மட்டும், அதிலும் சந்தை நிலையில்லை: அமெரிக்கா ஈரான் கம்பளத்தை 2010இல் தடுத்தது, 2016இல் திறந்தது, 2018இல் மறுபடி மூடியது. ஒவ்வொரு முறையும் இங்கே வியாபாரம் ஆட்டம் காணும்.

வாங்கும்போது பில்லில் எந்த ஊர், எந்த அளவு, பாவும் ஊடையும் என்ன நூல், கைமுடிச்சா, என்ன சாயம், தோராயமாக எத்தனை வருடம் என்று எழுதி வாங்குங்கள். சீமுர்க் கதையை அரை மணி நேரம் சொன்னவர் இந்த ஆறையும் எழுதித் தரத் தயங்கினால், கொடுத்த தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.